ஆலை நிலத்தில் வீடுகளுக்கான ஒதுக்கீடு: எதிர்ப்பதா, திருத்தக் கேட்பதா?

வாசகர் கேள்வி: இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், தேம்ஸ் கழிமுகத்தை ஒட்டிய ஓர் ஊரில் நெடுங்காலமாக வசித்து வருகிறேன். எங்கள் வீதி முடியும் இடத்தில், பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஆலை ஒன்றின் 9 ஹெக்டேர் நிலம் கிடக்கிறது. கிழக்குப் பக்கம் இடிக்கப்பட்ட கட்டடங்களின் கான்கிரீட் தளம்; மேற்குப் பக்கம், ஆலை இயங்கிய காலத்தில் சாம்பலும் மணலும் கொட்டப்பட்டு மேடும் பள்ளமுமாகிவிட்ட தரை. கவுன்சில் வெளியிட்டுள்ள உள்ளூர்த் திட்டத்தில் இந்த நிலம் 320 வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆறு வாரக் கருத்துக் கேட்பு தொடங்கிவிட்டது; திட்டம் அடுத்து, அதைப் பரிசீலிக்க அரசு நியமிக்கும் திட்டமிடல் ஆய்வாளரிடம் போகுமாம். என் மகளும் மருமகனும் இரண்டு குழந்தைகளுடன் வாடகை வீட்டில் அல்லாடுகிறார்கள். வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கோடையில் வேலியோரப் பாதையில் நடக்கும்போது, அந்த மேற்குப் பக்கத்தில் காணும் பல்லிகளையும் தேனீக்களையும் பட்டாம்பூச்சிகளையும் ஊரின் வேறெந்தப் பூங்காவிலும் நான் கண்டதில்லை. கடந்த குளிர்காலத்தில் நில உரிமையாளர் இயந்திரத்தைக் கொண்டுவந்து அங்கிருந்த புதர்களை வழித்தெடுத்துவிட்டார். “பிரவுன்ஃபீல்ட் நிலத்தில், அதாவது முன்பே கட்டுமானம் இருந்த நிலத்தில், கட்டாமல் வயலிலா போய்க் கட்டுவது?” என்று கேட்கிறார் எங்கள் கவுன்சிலர். குடியிருப்பாளர் சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான் கவுன்சிலுக்கு என்ன எழுத வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்துச் சொல்வதானால், ஒதுக்கீட்டை அடியோடு நீக்கும்படி இப்போது எழுத வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வீடுகள் கிழக்குப் பக்கக் கான்கிரீட் தளத்தில் நெருக்கமாக எழும்படியும், மேற்குப் பக்கத்தில் என்னென்ன வாழ்கின்றன என்பதை உரிய பருவத்தில் ஆராய்ந்து முடிக்கும்வரை அதன்மீது ஒரு கோடும் வரையப்படாதபடியும், அந்த ஒதுக்கீட்டுக் கொள்கையின் வாசகத்தைத் திருத்தக் கேளுங்கள். ஆய்வில் அரிய உயிரினங்களின் பெருங்கூட்டமே அங்கிருப்பது தெரியவந்தால், அப்போது ஒதுக்கீட்டையே எதிர்ப்பதில் தவறில்லை. இந்த நிலைப்பாட்டை உங்கள் சங்கத்தின் இரு தரப்பாரும் ஏற்க முடியும் என்று நினைக்கிறேன்.

கவுன்சிலர் சொல்வதில் பாதி சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் பிரவுன்ஃபீல்ட் என்று பதிவாகியுள்ள நிலங்களில் பெரும்பாலானவை மூடிய கடைத்தொகுதிகள், தார் போட்ட கார் நிறுத்தங்கள், காலிக் கிடங்குகள் போன்றவை. அவற்றில் காப்பாற்ற வேண்டிய வாழிடம் என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. ஒவ்வொரு கவுன்சிலும் இத்தகைய நிலங்களின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்று 2017-இல் விதி வந்தது. அந்தப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்த சிபிஆர்இ என்னும் கிராமப்புறப் பாதுகாப்பு அமைப்பு, ஏறத்தாழ 12 லட்சம் வீடுகளுக்கு அவற்றில் இடம் இருப்பதாக 2022-இல் கணக்கிட்டது. பேருந்தும் ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் ஏற்கெனவே இருக்கும் ஊருக்குள் கட்டப்படும் ஒவ்வொரு வீடும், எசெக்ஸின் வயல்களின் மீதும் உப்புச் சதுப்புகளை ஒட்டிய மேய்ச்சல் நிலங்களின் மீதும் விழும் அழுத்தத்தைக் குறைக்கிறது. உங்கள் மகள் குடும்பம் போன்றோருக்கு வீடு கட்டப்பட வேண்டும், அதில் பெரும்பங்கு பழைய நிலங்களிலேயே கட்டப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

ஆனால், ஒரு நிலம் பிரவுன்ஃபீல்ட் என்று சொல்லிவிட்டால் அதன் கடந்த காலம் மட்டுமே நமக்குத் தெரிகிறது. அங்கே ஒரு காலத்தில் நிரந்தரக் கட்டுமானம் இருந்தது என்பதற்கு மேல் சட்டத்தின் வரையறை எதையும் சொல்வதில்லை. இன்று அங்கே என்ன வளர்கிறது, எது முட்டையிடுகிறது என்பதற்கு அதில் இடமே கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கிலாந்து அரசின் திட்டமிடல் கொள்கை ஆவணமான தேசியத் திட்டமிடல் கொள்கைக் கட்டமைப்பின் வரையறை, முன்னாள் கட்டுமானத்தின் எச்சங்கள் காலப்போக்கில் சுற்றியுள்ள நிலத்தோற்றத்தோடு கலந்துவிட்ட இடங்களைப் பிரவுன்ஃபீல்ட் கணக்கிலிருந்து விலக்குகிறது. உங்கள் மேற்குப் பக்க மேட்டில் கட்டடம் என்று எதுவும் எப்போதாவது இருந்ததா, இருந்திருந்தால் அதன் சுவடு இன்று கண்ணுக்குத் தெரிகிறதா என்பவை கவுன்சிலிடம் நீங்கள் கேட்கத்தக்க கேள்விகள். முழு 9 ஹெக்டேரும் ஒரே வகைப்பாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதே கட்டமைப்பின் 2024 டிசம்பர் பதிப்பு, ஊர்களுக்குள் இருக்கும் ‘தகுந்த’ பழைய நிலங்களில் வீடு கட்டுவதற்குக் கணிசமான மதிப்பு அளிக்கவும், பெருந்தீங்கு விளையாதவரை அனுமதிக்கவும் சொல்கிறது. கவுன்சிலர் சுட்டிக்காட்டக்கூடிய வரி இதுதான். ஆனால் அதே ஆவணம், ஒரு கட்டுமானத்தால் உயிர்ப்பன்மைக்கு ஏற்படும் குறிப்பிடத்தக்க தீங்கைத் தவிர்க்கவும் முடியாமல், போதிய அளவு குறைக்கவும் முடியாமல், கடைசி வழியாக ஈடுசெய்யவும் முடியாமல் போனால் அனுமதி மறுக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. தவிர்ப்பதுதான் வரிசையில் முதலாவது. தீங்கு குறைந்த வேறு இடத்தைத் தேர்வதும் அதில் அடங்கும். தீங்கைத் தவிர்ப்பதற்கு மிகுந்த வாய்ப்புள்ள கட்டம், ஒதுக்கீடு முடிவாகும் இந்த உள்ளூர்த் திட்டக் கட்டமே.

சாம்பல் மேட்டில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று உங்கள் சங்கத்தில் சிலர் கேட்கக்கூடும். மே மாத இறுதியில் வெயில் நன்றாக அடிக்கும் ஒரு முற்பகலில், தெற்குப் பார்த்த மணல் சரிவு ஒன்றின் முன் குனிந்து பார்த்தால் விடை கிடைக்கும். பென்சில் நுழையும் அளவிலான துளைகள் சரிவெங்கும் இருக்கும். கால்களில் மஞ்சள் மகரந்தம் ஒட்டிய சிறு தேனீ ஒன்று வந்து இறங்கி, சற்றே தயங்கி, ஒரு துளைக்குள் மறையும். அது கூட்டமாக வாழாமல் தன் குஞ்சுகளுக்காகத் தனியே மண்ணைத் தோண்டும் இனம். துளைக்குச் சற்றுத் தள்ளி, குளவியைப் போன்ற தோற்றமுள்ள இன்னொரு தேனீ காத்திருக்கும். அது அந்தக் கூட்டுக்குள் திருட்டுத்தனமாக முட்டையிடும் குயில்தேனீ. மகரந்தம் வந்தது பத்தடி தள்ளி, உடைந்த கான்கிரீட் துகள்களுக்கிடையே படர்ந்திருக்கும் பேர்ட்ஸ்ஃபுட் டிரெஃபாயில் செடியின் மஞ்சள் பூக்களிலிருந்து. அதற்கும் அப்பால் போன ஆண்டில் பட்டுப்போன காட்டுச் செடிகளின் உள்ளீடற்ற தண்டுகள் நிற்கும். வேறு சில பூச்சிகள் குளிர்காலத்தைக் கழித்தது அவற்றுக்குள்தான்.

வெற்றுத் தரை, பூக்கள், காய்ந்த தண்டுகள், மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் பள்ளம், ஆங்காங்கே ஒரு புதர் ஆகிய எல்லாம் ஒரு பூச்சி பறந்து எட்டக்கூடிய தொலைவுக்குள் நெருங்கியிருப்பதே இந்த வாழிடத்தின் சிறப்பு. உரமேறிய வயலிலோ புல்வெளிப் பூங்காவிலோ இது அமையாது. அங்கே மண் வளமாக இருப்பதால் சில புற்களே ஓங்கி வளர்ந்து மற்றவற்றை மூடிவிடும். சத்தில்லாத சாம்பலும் மணலும் நொறுங்கிய செங்கல்லும்தான் இங்கே செடிகளைக் குட்டையாகவும் பலவகையாகவும் வைத்திருக்கின்றன. பிரிட்டனின் அரிய, அருகிவரும் முதுகெலும்பற்ற உயிரினங்களில் 12 முதல் 15 சதவீதம் வரை இத்தகைய பழைய தொழில் நிலங்களில் பதிவாகியுள்ளதாக 1990களின் இறுதியிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். ‘முன்பு கட்டுமானம் நடந்த நிலத்தின் திறந்த மொசைக் வாழிடம்’ என்ற பெயரில், 2006-ஆம் ஆண்டின் இயற்கைச் சூழல், கிராமப்புறச் சமூகங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் முன்னுரிமை வாழிடங்களின் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. பரப்பு கால் ஹெக்டேருக்குக் குறையாமை, மண் கிளறப்பட்ட வரலாறு, தொடக்கநிலைத் தாவரங்கள், வெற்றுத் தரை, இடத்துக்கு இடம் மாறுபடும் அமைப்பு ஆகியவை அதற்குரிய அளவுகோல்கள். உங்கள் வர்ணனையைப் படிக்கும்போது மேற்குப் பக்கம் இவற்றில் பலவற்றுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. நேரில் பாராமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் வசிப்பது தேம்ஸ் கழிமுகத்தின் ஓரம் என்பதும் இதில் மிக முக்கியம். பிரிட்டனிலேயே மழை குறைந்த, கோடை வெப்பம் மிகுந்த பகுதிகளுள் இது ஒன்று. வெப்பம் விரும்பும் பூச்சிகளுக்கு ஏற்ற இடம். ஆற்றங்கரைப் பூம்புல்வெளிகள் உழப்பட்டும் கட்டடங்களுக்குள் போயும் மறைந்த பிறகு, அவற்றில் வாழ்ந்தவை ஆலைகளின் பின்புற நிலங்களில் ஒதுங்கின. உங்கள் மாவட்டத்திலேயே உள்ள கான்வி விக்கைப் பாருங்கள். ஆற்றிலிருந்து தூர்வாரிய மணலைப் பரப்பி, 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக ஆயத்தப்படுத்தப்பட்ட நிலம் அது. ஆலை ஒருநாளும் இயங்கவில்லை. கைவிடப்பட்ட அந்த நிலத்தில் பின்னர் ஏறத்தாழ 1,400 வகை முதுகெலும்பற்ற உயிரினங்கள் பதிவாயின. பிரிட்டனில் அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்ட ஒரு தரைவண்டும் அவற்றுள் ஒன்று. 2005-இல் அது சிறப்பு அறிவியல் முக்கியத்துவ இடமாக அறிவிக்கப்பட்டது. பூச்சிகளுக்காகவே ஒரு பிரவுன்ஃபீல்ட் நிலம் அத்தகைய பாதுகாப்பைப் பெற்றது அதுவே முதல் முறை. ஆற்றின் தென்கரையில், சிமென்ட் ஆலைகளின் பழைய நிலமான ஸ்வான்ஸ்கோம் தீபகற்பமும் 2021-இல் அதே தகுதியைப் பெற்றது. பிரிட்டனில் இரண்டே இடங்களில் காணப்படும் ஒரு குதிக்கும் சிலந்தி அங்கே வாழ்கிறது. அந்த நிலத்தில் பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றை அமைக்க விண்ணப்பித்திருந்த நிறுவனம் 2022 மார்ச்சில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

இந்த வட்டாரத்தில் நடந்த இன்னும் இரண்டு நிகழ்வுகளை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். காலந்தாழ்த்திப் பார்ப்பதன் விலை அவற்றில் தெரியும். கழிமுகத்தின் தென்பக்கம் உள்ள மெட்வேயில் லாட்ஜ் ஹில் என்னும் பழைய ராணுவப் பயிற்சி நிலத்தில் 5,000 வீடுகளைக் கொண்ட குடியிருப்பு பல ஆண்டுகளாகத் திட்டமிடப்பட்டு வந்தது. 2012-இல்தான் அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட ஆண் நைட்டிங்கேல் பறவைகள் பாடுவது கணக்கெடுப்பில் தெரியவந்தது. 2013-இல் நிலம் பாதுகாப்புக்குள் வந்தது; அந்த ஒதுக்கீட்டை நம்பி எழுதப்பட்டிருந்த வளர்ச்சித் திட்டத்தையே கவுன்சில் திரும்பப் பெற நேர்ந்தது. அடுத்த ஆண்டு கவுன்சில் குடியிருப்புக்கு அனுமதி அளித்தும், மத்திய அரசு அதைத் தன் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. கடைசியில் 2017-இல் விண்ணப்பம் கைவிடப்பட்டது. நைட்டிங்கேல்கள் பிழைத்தன என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அத்தனை ஆண்டுகளில் வேறு இடத்தில் எழுந்திருக்கக்கூடிய வீடுகள் எழவில்லை. அதன் சுமையைத் தாங்கியவர்கள் உங்கள் மகளைப் போன்றவர்கள். வெஸ்ட் தர்ராக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. மின்நிலையச் சாம்பல் கொட்டிய நிலத்தில் கிடங்கு கட்ட அனுமதி கொடுக்கப்பட்ட பிறகு, பூச்சிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் பக்லைஃப் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2008-இல் உயர் நீதிமன்றத்திலும் பின்னர் மேல்முறையீட்டிலும் அது தோற்றது. முடிவெடுத்த முறை சட்டப்படி சரியா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அந்த நிலத்தின் உயிர்களுக்கு எது நல்லது என்று தீர்மானிப்பது அதன் வேலையன்று.

இனி, புதர்களை வழித்தெடுத்தது பற்றி. “அங்கே இப்போது ஒன்றும் இல்லையே” என்று யாராவது வாதிட்டால் அதை ஏற்க வேண்டியதில்லை. 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி, பெரிய கட்டுமானங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதல் 10 சதவீத உயிர்ப்பன்மை நிகர ஆதாயம் கட்டாயமாகியிருக்கிறது. நிலத்தின் கட்டுமானத்துக்கு முந்தைய மதிப்பைக் கணக்கிட்டு, அதைவிட 10 சதவீதம் கூடுதலான மதிப்பை உருவாக்கி, குறைந்தது 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அந்த முந்தைய மதிப்பு பொதுவாக விண்ணப்ப நாளின் நிலையை வைத்துக் கணக்கிடப்படும். ஆனால் 2020 ஜனவரி 30-க்குப் பிறகு, உரிய அனுமதியின்றி நடந்த செயல்களால் வாழிடத்தின் மதிப்பு குறைந்திருந்தால், அச்செயலுக்கு முன்பிருந்த நிலையையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். ஆகவே, முன்பு நிலம் எப்படி இருந்தது என்பதற்கான சான்றுகளை இப்போதே திரட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய வான்படங்கள், தேதியுடன் நீங்களும் அயலவரும் எடுத்த கைப்பேசிப் படங்கள், மாவட்ட உயிரியல் பதிவு மையத்தில் உள்ள பழைய பதிவுகள் ஆகியவை போதுமானவை.

குளிர்காலத்தில் பல்லிகளும், காலில்லாப் பல்லியான ஸ்லோ வோர்மும் மண்ணுக்கடியில் உறங்கும். வேகமாக ஓடித் தப்ப அவற்றால் இயலாது. 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி அவற்றை வேண்டுமென்றே கொல்வதும் காயப்படுத்துவதும் குற்றம். பறவைகள் கூடு கட்டிப் பயன்படுத்தும்போது அக்கூட்டை அழிப்பதும் குற்றமே. மீண்டும் இயந்திரம் வந்தால், வேலிக்கு வெளியே நின்று படமெடுத்து, 101 எண்ணில் அழைத்து வனவிலங்குக் குற்றங்களைக் கவனிக்கும் காவல் அலுவலரிடம் தெரிவியுங்கள். எந்த நிலையிலும் வேலி தாண்டி உள்ளே போக வேண்டாம். உங்கள் சான்றின் வலிமையை அது கெடுத்துவிடும்.

ஆறுதலான ஒன்றும் உண்டு. மேல்மண் அகற்றப்படாமல் புதர் மட்டும் வழிக்கப்பட்டிருந்தால், இந்த வகை வாழிடத்துக்கு அது முடிவாகாது. சில வேளை நன்மையும் செய்யும். வெற்றுத் தரையும் குட்டைச் செடிகளும் மண் கிளறப்படுவதால்தான் நிலைக்கின்றன. அடுத்த கோடைகளில் அதே பூக்கள் திரும்ப வருவதை நீங்கள் காணக்கூடும். வருவதையெல்லாம் தேதியோடு குறித்து வையுங்கள்.

நிகர ஆதாய விதி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று கவுன்சில் பதில் சொல்லலாம். அதன் எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கு வாழிடத்தின் வகை, பரப்பு, தரம் ஆகியவற்றை எண்ணுகிறதே தவிர, அங்கே வாழும் சிலந்தியையோ தேனீயையோ எண்ணுவதில்லை. எல்லாமே வாழிடத்துக்கு முதலில் என்ன பெயர் சூட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் மேற்குப் பக்கத்தை ‘கைவிடப்பட்ட தரிசு’ என்று ஒரு சூழலியலாளர் குறித்துவிட்டால் அதற்குக் குறைந்த மதிப்பே கிடைக்கும். வேறொரு பசுமையைக் காட்டி அதை எளிதாக ஈடுகட்டிவிடலாம். ‘திறந்த மொசைக்’ என்று குறித்தால் அது உயர் தனித்தன்மை கொண்ட வாழிடமாகிவிடும். இழப்பை அதே வகை வாழிடத்தால் மட்டுமே ஈடுசெய்ய முடியும். ஜனவரியில் ஒரே ஒருநாள் வந்து பார்ப்பவர் முதல் பெயரைச் சூட்டிவிட்டுப் போவது எளிது. இந்தத் துறையில் நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். சிறு நிலங்களுக்கான விதிகளை அரசு தளர்த்திக்கொண்டும் வருகிறது; ஆகவே விண்ணப்பம் வரும் நாளில் நடைமுறையில் உள்ள விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 320 வீடுகளுக்கு இடம் போதுமா என்ற கேள்வி. 9 ஹெக்டேர் முழுவதிலும் பரப்பினால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 36 வீடுகள் வரும். இரண்டு கார் நிறுத்தும் முற்றத்தோடு தனித்தனி வீடுகளாகக் கட்டும் வழக்கமான புறநகர் அமைப்பு அது. கான்கிரீட் தளம் சுமார் 5.5 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால், அதே 320 வீடுகளுக்கு ஹெக்டேருக்கு 58 ஆகிறது. மூன்று மாடி அடுக்கு வரிசை வீடுகளும் நான்கு மாடிக் குடியிருப்புகள் சிலவும் சேர்ந்தால் இது இயலும்; லண்டனின் பழைய தெருக்கள் பலவும் இதைவிட நெருக்கமானவை. கவுன்சிலின் வரைபடத்தில் தளத்தின் உண்மைப் பரப்பை அளந்து, இந்தக் கணக்கை உங்கள் எண்களோடு எழுதுங்கள். ஒரு வீட்டைக்கூடக் குறைக்கச் சொல்லாத ஆட்சேபத்தை ஆய்வாளர் கவனமாகப் படிப்பார். வாங்கத்தக்க விலை வீடுகளின் பங்கைக் குறைத்துவிடக் கூடாது என்றும் அதே கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். வாழிடத்தை ஒதுக்கியதால் செலவு கூடிவிட்டது என்று சொல்லி, கட்டுமான நிறுவனங்கள் முதலில் கைவைப்பது அந்தப் பங்கில்தான்.

கட்டடங்களின் மேற்கூரையையும் விட்டுவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த லண்டன் இடிபாடுகளில் குடியேறிப் பெருகிய பிளாக் ரெட்ஸ்டார்ட் என்னும் சிறு பறவைக்காக, டெப்ட்ஃபோர்ட் பகுதியில் நொறுக்கிய கான்கிரீட்டையும் செங்கல்லையும் கூரைமேல் பரப்பும் முறை வளர்ந்தது. தட்டையான கூரைகளில் இதை நிபந்தனையாக்கலாம். ஆனால் கூரை என்பது கூடுதல் உதவி. தரையில் இழந்த 3.5 ஹெக்டேருக்கு அதை மாற்றாகக் காட்டினால் ஏற்க வேண்டாம். மண்ணில் தோண்டி வாழும் தேனீக்களில் பலவற்றுக்குக் கூரையில் பரப்பும் சில அங்குல ஆழம் போதாது.

சாம்பலில் நச்சு இருக்கலாம், கட்டினால்தான் சுத்தமாகும் என்று உங்கள் சங்கத்தில் சிலர் சொல்லக்கூடும். வீடும் தோட்டமும் வரும் இடத்தில் மாசு அகற்றப்பட்டே ஆக வேண்டும். அதில் சமரசம் இல்லை. ஆனால் வழக்கமான தீர்வு, சுத்தமான மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து மேலே போர்த்துவது. வளமான அந்த மண் வந்த ஓரிரு ஆண்டுகளில் மேற்குப் பக்கம் சாதாரணப் புல்வெளியாகிவிடும். மக்கள் நுழையாத வாழிடப் பகுதிக்கு மாசின் அளவு தனியே மதிப்பிடப்பட வேண்டும் என்றும், எங்கேனும் மூட வேண்டியிருந்தால் சத்து குறைந்த மணலும் நொறுக்கிய கான்கிரீட்டும் கொண்டே மூட வேண்டும் என்றும் கொள்கையில் கேளுங்கள்.

வேலி போட்டு அப்படியே விட்டுவிட்டால் காப்பாற்றியதாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கவனிப்பாரில்லாமல் விட்டால் பட்லியாவும் பிர்ச் மரக்கன்றுகளும் முட்புதர்களும் பதினைந்து இருபது ஆண்டுகளில் தரையை மூடிவிடும்; பூக்களும் வெற்று மணலும் மறைந்துவிடும். கான்வி விக்கிலேயே புதர்களை வெட்டியும் மண்ணைச் சுரண்டியும் தொடர்ந்து பராமரிக்கிறார்கள். ஆகவே யார், யாருடைய செலவில், எத்தனை ஆண்டுகள் பராமரிப்பார்கள் என்பது முதல் வீட்டின் அடித்தளம் போடும் முன்பே ஒப்பந்தமாக வேண்டும். நன்றாகத் திட்டமிட்ட வீடமைப்பு இந்த நிலத்துக்கு நன்மையாகவும் முடியலாம் என்று நான் நம்புவதற்குக் காரணம் இந்தப் பராமரிப்புப் பணம்தான். சும்மா கிடக்கும் நிலத்துக்கு அதை யாரும் தர மாட்டார்கள்.

இப்போது உங்கள் கடிதம். இந்தக் கட்டத்தில், திட்டம் ‘செம்மையானதா’ என்பதை மட்டுமே ஆய்வாளர் பார்ப்பார்: முனைப்போடு தயாரிக்கப்பட்டதா, சான்றுகளால் நியாயப்படுத்தப்பட்டதா, நடைமுறையில் பலன் தருமா, தேசியக் கொள்கைக்கு இசைவானதா என்பவையே அதற்குரிய நான்கு சோதனைகள். ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்ற வரிக்கு அங்கே எடை கிடையாது. கவுன்சிலின் சான்று ஆவணங்களில் இந்த நிலத்துக்கு முதுகெலும்பற்ற உயிரினங்களின் ஆய்வும், ஊர்வனவற்றின் ஆய்வும் உள்ளனவா என்று தேடுங்கள். பூச்சிகளை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பலமுறை வந்து பார்க்க வேண்டும். ஊர்வனவற்றுக்கு, தார் தடவிய கூரைத் துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்து, வெயில் ஏறும் முன் அவற்றைத் தூக்கிப் பார்க்கும் முறையில், தகுந்த வானிலையில் குறைந்தது ஏழு முறை வர வேண்டும். ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்கள் அதற்கு ஏற்றவை. அவை இல்லையென்றால், சான்று போதாததால் மேற்குப் பகுதி ஒதுக்கீடு நியாயப்படுத்தப்படவில்லை என்று எழுதுங்கள். பிறகு நீங்கள் கேட்கும் திருத்தத்தை அப்படியே எடுத்தாளத்தக்க வாசகமாகத் தாருங்கள். உதாரணமாக:

“வீடுகள் தற்போதுள்ள கான்கிரீட் தளத்தின் எல்லைக்குள் அமையும். மேற்குப் பகுதியில் முதுகெலும்பற்ற உயிரினங்கள், ஊர்வன, கூடு கட்டும் பறவைகள் ஆகியவற்றின் பருவகால ஆய்வுகள் நிறைவுறும் முன் மனை வரைபடம் ஏற்கப்படாது. திறந்த மொசைக் வாழிடம் அதே இடத்தில் தக்கவைக்கப்பட்டு, நிதி உறுதிசெய்யப்பட்ட திட்டத்தின்படி பராமரிக்கப்படும்.”

மாவட்டத்துக்கான இயற்கை மீட்பு வியூக வரைபடத்தில் உங்கள் நிலம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து அதையும் மேற்கோள் காட்டுங்கள். உள்ளூர் வனவிலங்கு அறக்கட்டளைக்கும் பக்லைஃபுக்கும் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த ஆறு வாரங்களுக்குள் அவர்களும் தனியே எழுதினால்தான் அவர்கள் குரலும் பதிவாகும். கோடையில் நீங்கள் எடுத்த படங்களை உயிரினப் பதிவுகளைச் சேகரிக்கும் ஐரெக்கார்ட் இணையதளத்தில் பதிவேற்றினால் நிபுணர்கள் இனத்தைச் சரிபார்ப்பார்கள். உருண்டையான, வைக்கோல் நிறத்தில் நடுவே கறுப்புப் பட்டையுள்ள, உரத்துக் கீச்சிட்டுப் பறக்கும் தேனீ எதையேனும் படமெடுத்திருந்தால் அதை முதலில் அனுப்புங்கள். பிரிட்டனில் மிகவும் அருகிவிட்ட ஷ்ரில் கார்டர் தேனீயாக அது இருக்கக்கூடும். அதன் எஞ்சியுள்ள சில புகலிடங்களுள் உங்கள் கழிமுகமும் ஒன்று.

சங்கத்தின் இரு தரப்பாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் வீடு வேண்டுவோர் தம் பெயரிலும் வாழிடம் வேண்டுவோர் தம் பெயரிலும் எழுதி, மேலே உள்ள திருத்த வாசகத்தை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தின் இறுதியில், ஆய்வாளரின் விசாரணை அமர்வில் நேரில் பேச விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். ‘ஆம்’ என்ற கட்டத்தைக் குறியிட மறக்க வேண்டாம். திட்டத்தில் மாற்றம் கோரி உரிய காலத்தில் எழுதியவருக்கு அந்த அமர்வில் நேரில் பேசும் உரிமையைச் சட்டம் அளிக்கிறது. உங்கள் மகளுக்கு நேரம் இருந்தால் அவரையும் எழுதச் சொல்லி, இருவருமாகச் சென்று பேசுங்கள்.